கேட்டால் கொடுத்துவிடும் சாறு

மடலை உரித்தால் ஒரு வரிசைப் பூ, அந்த வரிசையைக் கிள்ளி எடுத்தால் அடியில் இன்னொரு மடல், அதை உரித்தால் இன்னும் கொஞ்சம் வெளிறின இன்னொரு வரிசை. இளவரசியின் கை அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பூவை விரித்து, நடுவில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கள்ளன் நரம்பைப் பிடுங்கி ஒரு பக்கம், அடியில் ஒட்டியிருக்கிற கண்ணாடிச் சவ்வைப் பிய்த்து அதே பக்கம், மிச்சத்தை மோர்த்தண்ணீர்ச் சட்டியில். மோர்த்தண்ணீரில் போடாவிட்டால் நறுக்குகிறதற்குள் பூ கறுத்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் கையும் கறுத்துவிடும். இன்றைக்கு எண்ணெய் தடவ மறந்துவிட்டாள். பாதிப் பூ ஆன பிறகுதான் பார்த்தாள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மை தொட்ட மாதிரி ஆகியிருந்தன. தேங்காயெண்ணெய்ப் பாட்டில் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பார்த்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, ஆனது ஆகிவிட்டது, இனிமேல் தடவி எதற்கு என்று கூட நினைக்கவில்லை, அப்படி நினைப்பதற்கு முன்னாலேயே கை அடுத்த பூவுக்குப் போய்விட்டது. கறை ஏறுவது தெரிவதே இல்லை. கைக்கு மேலே இன்னொரு கையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. கறை படிந்ததால் விரல் மரத்துப்போனதா, மரத்துப்போன விரலாக இருந்ததால்தான் கறை படிந்தது தெரியவில்லையா. பாப்பா பிறந்ததிலிருந்தே இப்படித்தான். தொடுகிறாள், தொட்டது உள்ளே வந்து சேர்வதில்லை. வெந்நீர் சுட்டால், சுட்டுவிட்டது என்று கொஞ்சம் கழித்து யாரோ வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. பாப்பா பால் குடிக்கும்போது குனிந்து பார்த்துத்தான் குடிக்கிறது என்று தெரிந்துகொள்கிறாள். குடிக்கட்டும். ரவிக்கை நனைந்த பிறகு பால் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறாள். வரட்டும். இன்னொரு மடல். இது உள்மடல், ரோஸ் கலர், பாப்பாவின் உள்ளங்கால் மாதிரி என்று ஒரு நினைப்பு வந்து, தண்ணீர்மேல் விழுந்த எண்ணெய்ச் சொட்டு மாதிரி ஒட்டாமல் நகர்ந்து போனது.

கூடத்தில் பேச்சு. திருப்பூரிலிருந்து மூத்தாரும் அவர் வீட்டுக்காரி நாகேஸ்வரி அக்காவும் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். அத்தைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. திருப்பூரில் பனியன் கிடைக்கும், குளித்தலை வாழைப்பூ கிடைக்குமா, என் பெரியவனுக்கு வடை சுட்டுப் போடாமல் அனுப்புவேனா என்று சொல்லிச் சிரிக்கிறாள். வாழைப்பூ வாங்கிக்கொடுத்தது அத்தை, சுடப்போகிறவள் இளவரசி. அது ஒன்றும் குறையில்லை. அடுப்படியில் இருந்தால் யாரோடும் பேச வேண்டாம். கல்யாணமாகி வந்த புதிதில் விருந்தாளி வந்தால் அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள், மூத்தார் அவளுக்கு வாய் பேசாது என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம், அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். இப்போது பாப்பா கூடத்தில் அக்கா மடியில் இருக்கிறது. இருக்கட்டும். அழவில்லை. அக்காவின் மடி அகலம். சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல நேரம் வருகிறது, அதற்குள் சாங்கியத்தை முடித்துவிட வேண்டும். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். பெற்றவள் முந்தானையை விரித்துக்கொண்டு உட்கார, வாங்குகிறவள் ஒரு படித் தவிட்டை அதில் கொட்டிவிட்டுப் பிள்ளையை அவள் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் அது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, மாட்டுக்குப் போடுகிற தவிட்டு விலைதான் அதற்கு, அதனால் எமனுக்குக்கூட அதன்மேல் கண் போகாது. எல்லா வீட்டிலும் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அத்தையின் தம்பிக்குத் தவிட்டுராசு என்றுதான் பெயர், அவர் கடைசிவரை பெற்றவள் கையால்தான் சாப்பிட்டார். சாங்கியம்தானே. ஆனால் அக்காவின் பையில் பால்பவுடர் டின் இருக்கிறது. காலையில் பையை உள்ளே வைக்கச் சொன்னபோது தகரம் தகரத்தில் இடித்தது. தொட்டில் வந்து இறங்கியாயிற்று, ஹாலில் கொக்கி அடிக்க ஆள் வருவான், கதவைத் திறந்துவிடு என்று மூத்தார் போனில் திருப்பூரில் யாரிடமோ சொன்னார். மத்தியான வண்டிக்குக் கிளம்புகிறார்கள். கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும், உனக்கும் உடம்பு தேறட்டும் என்று அத்தை சொன்னாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அத்தை சொல்லவில்லை, இளவரசி கேட்கவில்லை. பாப்பாவுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அக்கா ஒரு பேர் முடிவு பண்ணி வைத்திருக்கிறாளாம். தவிடு இதோ, கைக்குப் பக்கத்தில், முறத்தில் குவித்திருக்கிறது. மில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று மூத்தார் நேற்றே வாங்கி மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முறத்தில் கொட்டி வை அரசி, கூப்பிடும்போது எடுத்துக்கொண்டு வா என்று அக்கா சொன்னாள், கொட்டி வைத்தாள். சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் பயம். பயம் என்று கூடச் சொல்ல முடியாது, பயத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும், அடித்துக்கொள்ளவில்லை. கை கொடுத்துவிடும் என்பது மட்டும் தெரிகிறது. கூப்பிடுவார்கள், போவாள், விரித்துக்கொள்வாள், கொடுத்துவிடுவாள்.

மடல்களைக் குப்பையில் போடாமல் தனியாக அடுக்கினாள். பெனிட்டா வந்து கேட்பாள். மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், திருச்சியில் காலேஜில் ஏதோ ஆராய்ச்சி, காலையில் பஸ் ஏறிப் போனால் இருட்டினதும் வருவாள், ஞாயிற்றுக்கிழமையும் போகிறாள். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இளவரசிக்கு இன்னும் முடிவாகவில்லை. அக்கா என்றால் ஒரு மாதிரி இருக்கிறது, இரண்டு வயதுதான் மூப்பு, கல்யாணமும் ஆகவில்லை. மிஸ் என்றால் சிரிப்பாள். அதனால் கூப்பிடாமலே பேசிவிடுவாள், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மடல் பையை எடுத்துக்கொண்டு போய் நிற்பாள், அவ்வளவுதான். வந்த புதிதில் பெனிட்டாதான் கேட்டாள், நீங்க தூக்கிப்போடற வாழைப்பூ மடல், மாதுளம்பழத் தோல், வெங்காயச் சருகு, டீத்தூள் சக்கை எல்லாம் எனக்கு வேணும் என்று. அத்தைக்குச் சந்தேகம், குப்பையைக் கேட்டு வாங்குகிறவள் என்ன படித்தவளோ, மந்திரம் மாயம் பண்ணுகிறாளோ என்று. துவர்ப்பு எதிலெல்லாம் இருக்கிறதோ அதிலெல்லாம் அது இருக்கிறதாம். பாலிபினால். பினாயில் மாதிரி ஒரு பேர். பினாயில் என்றதும் ஆஸ்பத்திரி வராண்டா வந்துவிடும், வேண்டாம், அந்தப் பக்கம் வேண்டாம். மொட்டைமாடி. மொட்டைமாடியில் அன்றைக்கு பெனிட்டா நாலைந்து கண்ணாடி டம்ளரை வரிசையாக வைத்திருந்தாள், மடலை வேகவைத்து வடிகட்டின சாறு, பழைய ரத்தம் மாதிரி ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு கரிக்குச்சியும் ஒரு தகடும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர். துணி எடுக்கப் போன இளவரசியைக் கூப்பிட்டு நிறுத்தி, பாரு பாரு என்று கடைசி ஒயரைச் சேர்த்தாள். பொடிசாக ஒரு சிவப்பு விளக்கு, மூக்குத்திக் கல் அளவுக்கு, எரிந்தது. வாழைப்பூ மடலில் விளக்கு. காலேஜில் பெரிய மிஷினில் அளந்து பார்ப்பது வேறு, இது உனக்குக் காட்டறதுக்காக என்றாள். தனக்குக் காட்டுவதற்காக என்று யாரும் எதையும் செய்து இளவரசி பார்த்ததில்லை, அதனால் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாவதோடு நின்றுவிட்டவள்தான், மின்சாரம் என்று ஒரு பாடம் இருந்தது, டீச்சர் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டைத் தூக்கினார், அது ஞாபகம் இருக்கிறது. எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கு அரசி, கண்ணுக்குத் தெரியாது, இந்தச் சாறு அதை இந்தப் பக்கம் வாங்கும், அந்தப் பக்கம் கேட்டாக் குடுத்துடும், கைமாத்தி விடற ஆள் மாதிரி என்று பெனிட்டா சொன்னாள். இளவரசி கேட்டாள். அவ்வளவு நீளமாக ஒரு கேள்வி அவள் கேட்டதே கிடையாது.

“தனக்குன்னு எதையும் வச்சுக்காதா?”

பெனிட்டா சிரித்துவிட்டாள். “வச்சுக்கிட்டா லைட்டு எப்படி எரியும்?”

அதுவும் சரிதான். எரிந்துகொண்டிருந்த விளக்கு கொஞ்ச நேரத்தில் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆகி, அணைந்தது. வாங்கி வாங்கிக் கொடுத்த சாறு டம்ளரில் சும்மா நின்றது. அதற்கு வலிக்குமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, அது பைத்தியக்காரக் கேள்வி. நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையின் வாயில் இப்போது நீலம் பாய்ந்த ஒரு கறுப்பு. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படி. கை வழுக்கிக் கட்டைவிரலடியில் ஒரு கீறல் விழுந்தது, மெல்லிசாக, ரத்தம்கூடச் சரியாக வரவில்லை, பார்த்தாள், சரி என்று அடுத்த பூவை எடுத்தாள். பினாயில். அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றால் கால் அங்கேதான் போகிறது. மூத்தவன் கவினுக்கு அப்போது எட்டு மாதம். காய்ச்சல் என்றுதான் தூக்கிக்கொண்டு போனது, வழக்கமாக வருகிற காய்ச்சல், போர்வையைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்கூட எடுத்துக்கொண்டுதான் போனாள். விடிகிற நேரம் வராண்டாவைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்துக்கொண்டுதான் இருந்தான், பிடி எப்போது தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது, அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திரும்பிப் போய்ப் பார்த்தாலும் தெரியவில்லை, பிடித்திருக்கிறான், அப்புறம் பிடித்திருக்கவில்லை, நடுவில் ஒன்றும் இல்லை. நர்ஸம்மா வந்து குனிந்து, குடும்மா என்றாள். அவள் கொடுத்துவிட்டாள். மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், மார்பில் அடித்துக்கொண்டு தரையில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அப்படித்தான் பண்ணினாள். இளவரசி கொடுத்துவிட்டாள். காய்கறிக்காரன் பையைக் கொடும்மா என்றால் கொடுப்பதுபோல. ரேஷன்கடையில் கார்டைக் கொடும்மா என்றால் கொடுப்பதுபோல. போர்வையைக்கூடச் சரி பண்ணிக் கொடுத்தாள், கால் வெளியே தெரிந்தது, குளிரும் என்று இழுத்து மூடிக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் கை இப்படி. வாங்கும், கேட்டால் கொடுத்துவிடும். கேட்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், நர்ஸம்மாகூட நல்லவள்தான், அவள் கண் கலங்கித்தான் இருந்தது. நல்லவர்கள் கேட்டால் எப்படி இல்லை என்பது. கெட்டவர்கள் கேட்டாலும் அவள் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டாள். அது வேறு.

இதோ ஒரு கொத்து மோரில் போடாமல் தரையிலேயே கிடந்துவிட்டது. கறுக்க ஆரம்பித்துவிட்டது, ஓரத்தில் பழுப்பு, உள்ளே இன்னும் வெள்ளை. இதையும் பெனிட்டாதான் சொன்னாள், ஒருநாள் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, கறுத்துப்போன ஒரு பூவை எடுத்து விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. காத்து வந்து எலக்ட்ரானைக் கேக்குது, இது குடுத்துடுது, குடுத்ததும் கறுத்துடுது. அப்படியென்றால் கறுப்பு என்பது கொடுத்ததுக்கு அடையாளம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சாத் திரும்ப வெளுக்கும் பாரு, எலுமிச்சை தன்கிட்ட இருக்கறதைக் குடுத்து விட்டுடும் என்றாள். இளவரசி பிழிந்து பார்த்தாள், உண்மைதான், பழுப்பு மெல்ல விலகி உள்ளிருந்து வெள்ளை எழுந்து வந்தது, போனவர் திரும்பி வந்த மாதிரி. பெனிட்டா உடனே அடுத்ததையும் சொன்னாள், அவளால் பாதியில் நிறுத்த முடியாது. “ஆனா சீக்கிரம் பிழியணும். விட்டுட்டா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். அப்புறம் எத்தனை பழம் பிழிஞ்சாலும் திரும்பாது.” சீக்கிரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, அது பூவைப் பொறுத்தது என்றாள். பூவைப் பொறுத்தது. கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும். கொஞ்ச நாள் என்பது யாரைப் பொறுத்தது. தொட்டிலில் தூங்கப் பழகும், அந்தப் பால்பவுடர் ருசி பழகும், அக்காவின் வாசனை பழகும், அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கொள்ளும். அதற்கப்புறம் போய் நின்று கேட்டால் யாரம்மா இது என்று அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொள்ளும். இதை நினைத்தபோது நெஞ்சில் ஏதாவது ஆகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு பூவை எடுத்து வாயில் போட்டு மென்றாள், சும்மா. துவர்ப்பு. முதலில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்து, அப்புறம் எச்சிலையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, நாக்கு தடித்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் புருஷன் தனபால் முகம் சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோதும் அவள் நாக்கு இப்படித்தான் இருந்தது, அப்போது வாழைப்பூகூட மெல்லவில்லை. அவன் நல்லவன்தான். வாழைத்தார் லோடு ஏற்றுகிற வேலை, தோளெல்லாம் வாழைக்கறை, எந்தச் சட்டையும் ஒரு மாதத்துக்கு மேல் சட்டையாக இருக்காது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னான், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

“அண்ணி வளத்தா என்ன, நம்ம புள்ளதானே. ஆனா நீ பெத்தவ. வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு அரசி, நான் பேசிக்கறேன்.”

ஒரு வார்த்தை. அவன் நுரையைத் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தான், நிஜமாகவே காத்திருந்தான், மோவாயின் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி பிளேடை ஓட்டிக்கொண்டு. அவள் வாயைத் திறந்தாள், நாக்கு அண்ணத்தில் இருந்தது, தண்ணி காயவச்சுட்டேன் என்றாள். சரி என்றான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பான். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வான். இப்போது கலர் சோடா வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனவன், சோடா வாங்க இவ்வளவு நேரமா. அவனும் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பான்.

நிழல் விழுந்தது. நாகேஸ்வரி அக்கா, வாசற்படியில், தண்ணீர் குடிக்க. பட்டுப்புடவையிலிருந்து பிள்ளைப் பவுடர் வாசனை வந்தது. பாப்பாவை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், கை இரண்டும் சும்மா இருக்க முடியாமல் ஒன்றை ஒன்று தடவிக்கொண்டிருந்தன. அக்காவைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவோ சுலபம். இளவரசி கல்யாணமாகி வருவதற்கு முன்னாலிருந்தே அக்கா வருஷா வருஷம் கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறாள். கவின் போனபோது அக்காதான் வந்து இருந்தாள், இளவரசிக்குத் தலை சீவிவிட்டாள், வாயைத் திற என்று சோறு ஊட்டினாள், ராத்திரி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கைக்குப் பிள்ளையைக் கொடுத்தால் பிள்ளை கெட்டா போகும். பாப்பா சிரிக்குது அரசி, என்னப் பாத்துச் சிரிக்குது, நிஜமாத்தான் என்றாள் அக்கா. அப்புறம் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்து, கூடத்துக்குக் கேட்காதபடி, நான் நல்லாப் பாத்துக்குவேன் என்றாள், அதை இரண்டு தடவை சொன்னாள், கேட்கப்படாத ஒரு கேள்விக்குப் பதில் மாதிரி. இளவரசி தலையை ஆட்டினாள். தலை ஆடிவிட்டது. கழுத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது, அதுவும் இன்னொருத்தர் கழுத்தைப் பற்றிய நினைப்பு மாதிரிதான். அப்போதுதான் அக்கா அவள் கையைப் பார்த்தாள்.

“ஐயோ, என்னடி கை இது, கரி அள்ளின மாதிரி. எண்ணெ தடவிக்கலயா?”

மறந்துட்டேன் என்றாள். தனபால் செல்லில் போட்டோ எடுப்பான், மூத்தார் ஆபீசில் எல்லோருக்கும் காட்டுவார், பிள்ளையைக் கொடுக்கிற கை முன்னால் தெரியும், பாப்பாவுக்குப் போட்டிருக்கிற சட்டை வெள்ளைச் சட்டை வேறு, திருப்பூரில் ஸ்பெஷலாகச் சொல்லித் தைத்தது, கறை பட்டால் போகவே போகாது. “கையில என்ன கிடைக்குதோ அதை வச்சு நல்லாத் தேச்சுக் கழுவு. கறையோட புள்ளையத் தொடாத” என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். தண்ணீர் குடிக்காமலே போனாள். தண்ணீர் குடிக்க வரவில்லை.

சொன்னால் செய்துவிடுவாள். எழுந்து போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பின்கட்டில், சாக்கடை வாயோரம். சோப்பு போட்டாள், கறுப்பு அப்படியே இருந்தது. சர்பத்துக்குப் பிழிந்த எலுமிச்சை மூடிகள் குப்பைக்கூடையில் கிடந்தன, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துத் தேய்த்தாள், கொஞ்சம் பழுப்பு விட்டது. சீக்கிரம் பிழியணும். சொரசொரவென்று ஏதாவது வேண்டும். கை நீண்டது, அள்ளியது, தேய்த்தது. அரிசி மில்லின் வாசனை வந்தது, இளஞ்சூடான ஒரு வாசனை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மில் இருந்தது, தகரக் கூரைக்கு மேல் தூசி வெயிலில் பொன்னாகப் பறக்கும், தலையில் தூசி படிந்த பெண்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள், எல்லோருக்கும் ஒரே நாளில் நரைத்த மாதிரி இருக்கும். அவள் நினைத்துக்கொண்டே தேய்த்தாள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிப் பசை மாதிரி ஆயிற்று, விரலிடுக்கில் விட்டுத் தேய்த்தாள், தண்ணீர் ஊற்றினாள், பழுப்பாகக் கரைந்து சாக்கடையில் போயிற்று, மறுபடி அள்ளினாள். அப்பா மூத்த பெண்ணுக்கு இளவரசி என்று பேர் வைத்தார், அதைச் சொல்லி வகுப்பில் சிரிப்பார்கள், கிரீடம் எங்கே என்று. பேர் என்பது வைக்கிறவர்களின் ஆசைதான். பாப்பாவுக்கு அவளும் ஒரு பேர் வைத்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை, தனபாலிடம்கூட. பால் கொடுக்கும்போது ஒருதடவை உதட்டை அசைத்துச் சத்தமில்லாமல் கூப்பிட்டுப் பார்த்தாள், பாப்பா குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது, தற்செயலாகத்தான் இருக்கும். மறுபடி அள்ளினாள். விரல் நடுவெல்லாம் வெளுத்துவிட்டது. நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகவில்லை, அது முன்னாலேயே ஏறினது, அது பின்னிக்கொண்டுவிட்டது, அது இருந்துகொண்டுதான் இருக்கும். சுள்ளென்றது. ஏதோ எரிந்தது. அரிவாள்மனைக் கீறலில் எலுமிச்சை இறங்கி எரிகிறது, கட்டைவிரலுக்குக் கீழே, அவளுடைய கையில், எரிகிறது, யாரும் வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அள்ளின இடத்தைப் பார்த்தாள். முறம் காலியாக இருந்தது. பின்னல் இடுக்கில் மட்டும் கொஞ்சம் தூள். அவள்தான் போகிற போக்கில் முறத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், எப்போது தூக்கினாள், அந்த இடமும் தெரியவில்லை, அடுப்படியில் இருந்தது, அப்புறம் இங்கே இருக்கிறது. ஒரு படித் தவிடு சாக்கடை வாயில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நல்ல நேரம் முடியப்போகிறது. ஐயையோ என்று வர வேண்டும், வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள், வரவில்லை, கீறல் எரிவதுதான் வந்தது, அது நன்றாகவே எரிந்தது, தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும் என்று தெரிந்தும் ஊற்றாமல் வைத்துக்கொண்டிருந்தாள். இதை மட்டும் கொஞ்ச நேரம் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். கூடத்தில் பாப்பா சிணுங்கியது. சிணுங்கல் அழுகையாக மாறுகிற இடம், அந்தத் திருப்பம், மூச்சை உள்ளே இழுத்து ஒரு கணம் நிறுத்துமே, அந்த நிறுத்தம்கூட இங்கே கேட்டது. அக்கா ஏதோ பாடுகிறாள், அத்தை டப்பாவில் எதையோ போட்டு ஆட்டுகிறாள், மூத்தார் நேரத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார். அழுகை ஏறியது. ரவிக்கை நனைகிறது. குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, வலித்தது, இரண்டு பக்கமும் நரம்பைப் பிடித்து இழுத்த மாதிரி. தவிடு இல்லை என்று சொல்ல வேண்டும். தவிடு இல்லை என்றால் வேறு கொண்டுவரலாம் என்பார்கள், பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் கேட்கலாம் என்பார்கள், அரிசியே போதும் என்பாள் அத்தை, அதனால் தவிடு இல்லை என்பது போதாது, இன்னும் ஒரு வார்த்தை வேண்டும், தனபால் கேட்ட அந்த ஒரு வார்த்தை, நாக்கை அண்ணத்திலிருந்து பிரித்துப் பார்த்தாள், எச்சில் ஊற ஆரம்பித்திருக்கிறது, துவர்ப்பு போன பிறகு நாக்கின் ஓரத்தில் எப்போதும் லேசாக ஒரு தித்திப்பு நிற்கும், அது நின்றது, வே என்று உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், பேர் கூப்பிட்டுப் பார்த்த மாதிரியே

“அரசி, முறத்தை எடுத்துக்கிட்டு வா, நேரமாச்சு” என்று கூடத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள், அவள் எழுந்தாள், முறத்தைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள், முந்தானையை விரிக்காமல் இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள், நகக்கண் கறுத்த இரண்டு கையையும் துடைக்காமல், பாப்பாவை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் நீட்டியபடி, எரிகிற கட்டைவிரலோடு அடுப்படி வாசற்படியைத் தாண்டி, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அந்தக் கூடத்துக்குள், வாயைத் திறந்து, வே